பழைய கேம்பர் வேனில் பின் சீட் பெல்ட்: கோளாறை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

புனேயில் பஜாஜ் டெம்போ செய்த மெட்டடார், ஜெர்மனியில் செய்த ஃபோக்ஸ்வேகன் டைப் 2 போன்ற பழைய வேன்களைக் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கேம்பராக மாற்றுகிறவர்கள், கடைசியில் பின் சீட் பெல்டில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் இருக்கும். பின்னால் ஒன்றுமே இருக்காது, இல்லையென்றால் யாரோ எப்போதோ மாட்டிவைத்த ஒன்று இருக்கும். இழுத்தால் வராது, வந்தால் திரும்ப உள்ளே போகாது, போட்டுக்கொண்டால் வயிற்றில் ஏறும். பெல்டை மாற்றிப் பார்ப்பார்கள், புதுப் பெல்டும் அதையேதான் செய்யும். ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் பெல்டில் இல்லை. எந்த இரும்பில், எந்த இடத்தில், எந்தச் சாய்வில் மாட்டியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வேன் மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் தன் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு பெல்டை இழுப்பார். 60 கிலோ ஆளுக்கு 1,200 கிலோ. பெல்ட் வண்டியின் உடலோடு மாட்டப்படும் இடங்களை ஆங்கர் என்பார்கள். அந்த ஆங்கர்களுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 14, கார், சிறிய வேன்களின் மூன்று முனைப் பெல்டில் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் ஒரே நேரத்தில் தலா 13.5 கிலோநியூட்டன் விசையில் இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது. அதாவது தலா 1,375 கிலோ போல. வெறும் இடுப்புப் பெல்ட் என்றால் 22.25 கிலோநியூட்டன், இரண்டே கால் டன்னுக்கு மேல். பட்டறையில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. ஆனால் ஒவ்வொரு போல்டையும் பார்க்கும்போது இந்த எண் மனதில் இருக்க வேண்டும்.

போல்ட் இரண்டு சுற்று இறங்கி நின்றுவிடுகிறது, அல்லது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

சீட் பெல்ட் போல்டுக்கு உலகம் முழுக்கப் பரவலாக இருக்கும் அளவு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, யூஎன்எஃப் என்கிற நெருக்கமான மரை வகை. மெட்ரிக் வண்டிகளிலும் பெல்டுக்கு மட்டும் இந்த அங்குல அளவைப் பார்க்கலாம். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கை நீட்டினால் கிடைப்பது எம்10, எம்12. எம்12 உள்ளே போகவே போகாது, அதனால் ஆபத்தில்லை. ஆபத்து எம்10-இல்தான். 7/16 துளையின் உள்மரை விட்டம் 10 மில்லிமீட்டரை ஒட்டியிருப்பதால் எம்10 போல்ட் மரையின் நுனியை மட்டும் உரசிக்கொண்டு உள்ளே போகும். கொஞ்சம் பிடித்த மாதிரியும் தெரியும். ஸ்பேனரைக் கூட ஒரு அழுத்து அழுத்தினால் வழுக்கிவிடும். வழுக்கினால் நல்லது, அப்போதே தெரிந்துவிடும். வழுக்காமல் இருந்துவிட்டால் அது விபத்து நாள் வரை அப்படியே இருக்கும்.

இரண்டு சுற்றில் நின்றுவிட்டால் மரையில் பெயின்டோ அண்டர்கோட்டோ (அடிப்பக்கத் துருத்தடுப்புப் பூச்சு) அடைத்திருக்கலாம். மரை வெட்டும் கருவியான டேப்பை, 7/16 யூஎன்எஃப் அளவில் எடுத்து, கையாலேயே மெதுவாக ஓட்டி மரையைச் சுத்தம் செய்யுங்கள். அடைப்பை எடுக்க வேண்டுமே தவிர, புது மரை வெட்டக் கூடாது. லேத்தில் கொடுத்து எம்12-க்கு மரை வெட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வரும். அந்த நட்டு எவ்வளவு பருமனான தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் அதைச் செய்யாதீர்கள்.

சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் நட்டு தகட்டை விட்டுக் கழன்றிருக்கிறது. துரு நட்டைச் சுற்றியும் தின்றிருக்கும் என்பதற்கு அது அடையாளம். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

போல்ட் பெல்ட் கிட்டோடு வந்ததாகவே இருக்கட்டும். தலையில் வலிமைத் தர எண் இல்லாத சாதா போல்ட் வேண்டாம். இறுக்கும் அளவு கிட்டின் தாளில் இருக்கும். 7/16 போல்டுக்குப் பொதுவாக 40 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையானால் ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். போல்டின் கழுத்தில் இருக்கும் மெல்லிய ஸ்பேசரையும் அலை வாஷரையும் தொலைத்துவிடாதீர்கள். ஆங்கர் தகடு போல்டைச் சுற்றித் தாராளமாகத் திரும்புவதற்குத்தான் அவை இருக்கின்றன. அவை இல்லாமல் இறுக்கினால் தகடு ஒரே கோணத்தில் நின்றுவிடும், பட்டை மடங்கிச் சிராயும்.

இழுத்தால் தரை "டக் டக்" என்கிறது, போல்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருக்கிறது

இதில்தான் எனக்குக் கவலை அதிகம். செட்டிநாடு வறண்ட பூமி, வண்டிக்குத் துரு பிடிக்காது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. வண்டி ஊரிலேயே நின்றால் சரி. ஆனால் கேம்பர் வேன் வைத்திருப்பவர் ஊரில் நிற்பாரா? தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று போய் அரிச்சல்முனை உப்புக் காற்றில் ஒரு நாள் நிறுத்திவைப்பார். திரும்பி வந்து மேலே பளபளவென்று கழுவுவார், அடியில் தண்ணீர் படாது. உப்பின் மேல் செம்மண் புழுதி அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அரிப்பையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. கடல்காற்றில் உலோகம் என்ன ஆகிறது என்று பார்க்க அவர்களே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு நம் வண்டியின் அடியைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

கார்பெட், ரப்பர் மேட், பிளைவுட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் தகட்டைப் பாருங்கள். பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் பெல்ட் ஆங்கரைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் வண்டியின் கட்டமைப்பு வலுவிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால் வண்டி தேறாது. அதையே நாமும் அளவாக வைத்துக்கொள்வோம். ஆங்கரை நடுவில் வைத்து 30 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, உள்ளே முழுவதும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். அழுகின தகடும் புட்டி போட்ட தகடும் "பொத்" என்னும். சந்தேகமான இடத்தில் காந்தத்தை வையுங்கள், புட்டிக்கு மேல் ஒட்டாது. அடியிலிருந்தும் இதையே செய்யுங்கள்.

டிங்கர் பட்டறையில் இந்தக் கட்டத்தில் ஒரு பேச்சு வரும்: "அண்ணே, பெரிய வாஷரா ரெண்டு போட்டுடுவோம், அசையாது." அசையாது, உண்மைதான். கையால் இழுத்தால் அசையாது. ஆனால் பழைய வேனின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் பருமனை ஒட்டியதுதான். டன் கணக்கில் இழுக்கும்போது வட்ட வாஷர் அந்தத் தகட்டை வெட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். வேண்டியது 3 மில்லிமீட்டர் பருமனில், உள்ளங்கை அளவில், மூலைகளை உருட்டிய இரும்புத் தகடு. அதன் நடுவில் 7/16 நட்டு பற்றவைத்திருக்க வேண்டும். அதைத் தரைக்கு அடியில் வைக்க வேண்டும். மேலே வைத்தால் பிரயோசனம் இல்லை. இழுப்பு மேல்நோக்கி வருகிறது, தகடு கீழிருந்து தாங்க வேண்டும். முடிந்தால் அதைச் சேஸியின் நீளவாட்டுச் சட்டத்தையோ குறுக்குச் சட்டத்தையோ ஒட்டி வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்துவிடுங்கள். தரை அழுகியிருந்தால் முதலில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு போட வேண்டும். அழுகின தகட்டின் மேல் பேட்ச் போடுவது ஆங்கருக்கு உதவாது.

டைப் 2 வைத்திருப்பவர்கள் துளை போடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால். 1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் செய்த இரண்டாம் தலைமுறை வண்டிகளில் பெட்ரோல் டேங்க் எஞ்சினுக்கு முன்பக்கம், கியர் பாக்ஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதாவது பின் சீட்டின் முதுகுப்பக்கத் தகட்டுக்குப் பின்னால் டேங்க்தான். அந்தத் தகட்டில் கண்ணை மூடிக்கொண்டு டிரில் போட்டால் டேங்கில் போய் நிற்கும். பிந்தைய வருட வண்டிகளாக இருந்தால் துளையே தேவைப்படாமலும் போகலாம். பக்கவாட்டு லைனிங்குக்குப் பின்னாலும் தரையிலும் தொழிற்சாலையே போட்ட மரைத்துளை பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கிறதா என்று விரலால் தடவித் தேடுங்கள். கிடைத்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை.

எந்த வேனாக இருந்தாலும் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், கேஸ் சிலிண்டரை வண்டியை விட்டே வெளியே வையுங்கள், பிரேக் குழாயும் டீசல் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று சாக்பீஸால் குறியுங்கள். பெல்டுகளையும் கழற்றி வைத்துவிடுங்கள். பாலியெஸ்டர் பட்டையில் ஒரு பொறி விழுந்து உருகினாலே அந்தப் பெல்ட் போச்சு.

பெல்ட் கட்டிலோடு சேர்ந்து அசைகிறது

பின் சீட்டை விரித்தால் கட்டிலாகிற அமைப்பில் இது வரும். பெல்டைக் கட்டிலின் பிளைவுட் பெட்டியிலோ ஒரு அங்குலச் சதுரக் குழாய்ச் சட்டத்திலோ மாட்டியிருப்பார்கள். பிளைவுட் எவ்வளவு பருமனாக இருந்தாலும், பர்மாத் தேக்கிலேயே செய்திருந்தாலும், மரம் ஆங்கர் ஆகாது. மோதலில் ஆளும் கட்டிலும் சேர்ந்தே முன்னால் வரும். பெல்டைக் கட்டிலிலிருந்து பிரித்து நேராகத் தரைக்குக் கொண்டுபோங்கள். கட்டிலில் பட்டை வெளியே வர ஒரு வாய் வெட்டி, அதன் விளிம்பை உருட்டி, உலோக வளையம் பதித்தால் பட்டை அறுபடாது. சோதனை செய்து சான்று பெற்ற கட்டில் சட்டம் வாங்கியிருந்தால் விஷயம் வேறு. அதிலும் சட்டத்தின் கால்கள் தரையில் எப்படி மாட்டப்பட வேண்டும் என்று தயாரிப்பாளர் சொன்னது ஒன்றுவிடாமல் நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்ட் தரையில் இருந்தாலும் கட்டிலைத் தளர்வாக விடக் கூடாது. பின்னாலிருந்து வருகிற கட்டிலின் கனமும் அதன் அடியில் அடுக்கிய பாத்திரம் பண்டமும் உட்கார்ந்திருப்பவரின் முதுகில்தான் இறங்கும்.

இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறுகிறது

இடுப்புப் பட்டை தொடை மடிப்பை ஒட்டி, இடுப்பெலும்பின் மேல் படிந்து கிடக்க வேண்டும். வயிற்றில் ஏறினால் மோதலின்போது குடலையும் கல்லீரலையும் அது அமுக்கும். ஆள் பட்டைக்கு அடியில் வழுக்கியும் போகலாம். காரணம் ஆங்கர் இருக்கும் இடம். கீழ் ஆங்கரிலிருந்து இடுப்புக்குப் போகிற பட்டை, தரைக்கு எவ்வளவு சாய்வாக எழுகிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின் சீட்டுக்கு 30 முதல் 80 டிகிரி வரை விதி அனுமதிக்கிறது. 45-லிருந்து 70-க்குள் வைப்பதுதான் என் விருப்பம். ஆங்கர் சீட்டுக்கு ரொம்பப் பின்னால் போய்விட்டால் பட்டை படுத்துவிடும், அப்போதுதான் வயிற்றில் ஏறும். கட்டில் பெட்டி ஆழமாக இருக்கிற வேன்களில் பின் சுவரோரம் மாட்டுவது சுலபம் என்பதால் இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.

ஒரு ஆளுக்கான இரண்டு கீழ் ஆங்கர்களுக்கு நடுவே குறைந்தது 35 சென்டிமீட்டர் இருக்கட்டும். மூன்று பேர் சீட்டில் இடம் பத்தவில்லை என்று நெருக்கி வைத்தால் பட்டை இடுப்பைச் சுற்றாமல் மடியில் முக்கோணமாக நிற்கும். இடம் இல்லையென்றால் இரண்டு பேருக்கு மட்டும் பெல்ட் போட்டு, பின்னால் இரண்டு பேர்தான் என்று முடிவு செய்துவிடுங்கள்.

மெத்தையையும் கவனியுங்கள். படுக்க வசதி என்று 15 சென்டிமீட்டர் மெத்து ஸ்பாஞ்சு போட்டிருந்தால், ஆள் அதில் அமுங்கி முன்னால் சறுக்குவார். ஆங்கர் சரியாக இருந்தும் பட்டை ஏறினால் ஸ்பாஞ்சை மாற்றி, கெட்டியான ஃபோம் போடுங்கள்.

தோள் பட்டை கழுத்தை அறுக்கிறது, அல்லது தோளிலிருந்து நழுவுகிறது

மேல் ஆங்கர் தோளுக்குச் சமமாகவோ அதற்கு மேலேயோ, தோளுக்குச் சற்று வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். கழுத்தை அறுத்தால் ஆங்கர் உள்ளே வந்துவிட்டது. நழுவினால் வெளியே போய்விட்டது, அல்லது தாழ்ந்திருக்கிறது.

வேனில் ஜன்னல்களுக்கு நடுவே வருகிற தூண்தான் மேல் ஆங்கருக்கு இடம். அது உள்ளே கூடாக இருக்கும். வெளித்தகட்டில் மட்டும் போல்ட் போட்டால் போதாது. உள்ளே 3 மில்லிமீட்டர் தகட்டைச் செருகிப் பற்றவைக்க வேண்டும். கூரையை வெட்டிப் பாப்-அப் டாப் (மேலே தூக்கி விரிக்கும் கூரை) வைத்த வண்டியில் அந்தத் தூணின் மேல்முனையே பலமிழந்திருக்கும். அங்கே பாடி வேலை தெரிந்தவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் துளை போட வேண்டாம்.

நல்ல மேல் இடம் கிடைக்கவில்லை என்றால் சிலர் ஒரு குறுக்குவழி எடுக்கிறார்கள். தோள் பட்டையைச் சீட்டின் முதுகுக்கு மேலே போட்டு, பின்னால் இறக்கித் தரையில் மாட்டுவது. பார்க்க மூன்று முனைப் பெல்ட் போலவே இருக்கும். மோதலில் ஆள் முன்னால் போகும்போது அந்தப் பட்டை தோளைக் கீழ்நோக்கி இழுக்கும். முதுகெலும்பு மேலிருந்து நசுங்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சரியான மேல் ஆங்கர் இல்லாத இடத்தில் தரையில் ஒழுங்காக மாட்டிய இரண்டு முனை இடுப்புப் பெல்ட் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் முன்னால் மேசையோ சிங்க்கின் மூலையோ இருந்தால் தலை போய் அதில் இடிக்கும், அதையும் அளந்துபாருங்கள்.

பெல்ட் வெளியே வரவே இல்லை

புதிதாக மாட்டியதும் வருகிற புகார் இது. பட்டையைச் சுருட்டிவைக்கும் ரீல் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு ரசமட்டத்தை எடுத்து ரீல் மேல் வையுங்கள். போனில் இருக்கும் மட்டமும் போதும்.

ரீலுக்குள் இரண்டு உணர்விகள் உண்டு. ஒன்று, பட்டையை வெடுக்கென்று இழுத்தால் பூட்டுவது. இன்னொன்று, வண்டி சட்டென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ பூட்டுவது. அதற்குள் ஒரு சின்னக் குண்டோ ஊசலோ இருக்கும். ஐ.நா. ஒழுங்குமுறை 16-இன்படி, ரீல் அதற்கென்று குறித்த நிலையிலிருந்து 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டிச் சாய்ந்தால் பூட்டியே ஆக வேண்டும். காரின் பில்லருக்காகச் செய்த ரீலை வேனின் தரையில் படுக்கவைத்து மாட்டினால், வண்டி கவிழ்ந்துவிட்டதாக எண்ணி எப்போதும் பூட்டியே கிடக்கும். ரீலைக் கழற்றிக் கையில் நிமிர்த்திப் பிடித்து மெதுவாக இழுங்கள். வந்துவிட்டால் ரீல் நல்ல ரீல்தான், மாட்டிய சாய்வுதான் தப்பு. கோணத்தை மாற்றக்கூடிய பிராக்கெட் உள்ள ரீல்கள் கிடைக்கின்றன. வேனுக்கு அதைத்தான் வாங்க வேண்டும். மட்டம் பார்க்கும்போது வேன் சம தரையில் நிற்க வேண்டும். காற்று குறைந்த ஒரு டயரே கணக்கைக் கெடுக்கும்.

மேட்டில் நிறுத்தினால் பூட்டுகிறது, ஸ்பீடு பிரேக்கரில் பூட்டுகிறது

ஸ்பீடு பிரேக்கரில் ஒரு நொடி பூட்டி விடுவது கோளாறு இல்லை. லேசான சரிவில் நிற்கும்போதே பூட்டினால் ரீல் ஏற்கெனவே ஏழெட்டு டிகிரி சாய்வாக மாட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். சரிவு மீதியைச் சேர்த்துவிடுகிறது. மேலே சொன்னபடி நிமிர்த்துங்கள்.

எப்படி இழுத்தாலும் பூட்டவே இல்லை

இதை யாரும் புகாராகச் சொல்வதில்லை, ஏனென்றால் வசதியாக இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். ஆளில்லாத பொட்டலில் வேனை 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, பின்னால் இருப்பவர் பட்டையை லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும்போது பிரேக்கை அழுத்துங்கள். பூட்ட வேண்டும். பூட்டவில்லை என்றால் ரீலை மாற்றுவது தவிர வழியில்லை. பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே சுருள்வில் இருக்கிறது, பிரித்தால் திரும்ப அதே இறுக்கத்துக்கு வராது.

வந்த பட்டை திரும்பச் சுருங்கவில்லை

நம் பக்கம் இதற்கு முதல் காரணம் புழுதி. ஆத்தங்குடி, பள்ளத்தூர்ப் பக்கச் செம்மண் பாதைகளில் ஜன்னலைத் திறந்துபோட்டுப் போகிற வண்டியில் தோளுக்கு மேலே இருக்கிற வளையத்தில் புழுதியும் வியர்வையும் சேர்ந்து ஒரு பசை படியும். பட்டையை முழுக்க இழுத்து, திரும்ப ஓடிவிடாமல் துணிக் கிளிப் ஒன்றை மாட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் போட்டு இரண்டு பக்கமும் துடையுங்கள். வளையத்தையும் துடையுங்கள். நிழலில் காயவிட்டு அப்புறம் உள்ளே விடுங்கள். ஈரத்தோடு விட்டால் ரீலுக்குள் பூஞ்சை பிடிக்கும். பிளீச்சிங், சாயம், பெட்ரோல் எதுவும் பட்டையில் படக் கூடாது. ரீலுக்குள் எண்ணெய் விட்டால் அது புழுதியை இன்னும் இழுத்துச் சேர்க்கும்.

சுத்தம் செய்தும் சுருங்கவில்லை என்றால், பட்டை எங்காவது ஒரு முறுக்கு விழுந்து மாட்டப்பட்டிருக்கிறதா, கட்டிலின் பலகையில் உரசுகிறதா என்று பாருங்கள்.

பட்டையின் நிறம் வெளுத்து, தொட்டால் சொரசொரப்பாக, ஓரம் பிசிறாக இருந்தால் வெயில் தின்றுவிட்டது. வருடக்கணக்கில் ஜன்னலோரம் கிடந்த பட்டையைத் துடைத்துப் பிரயோசனம் இல்லை. மாற்றுங்கள். பழைய இரும்புக் கடையில் கழற்றிவைத்திருக்கும் பெல்டை வாங்கி மாட்டாதீர்கள். அது எந்த விபத்தில் இழுபட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை முழு இழுப்பு வாங்கிய பட்டையின் இழை நீண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வண்டிக்குப் பொருத்தமான பழைய விளக்கும் பித்தளைக் கைப்பிடியும் தேடுங்கள். பெல்ட் மட்டும் புதிதாக, சான்று முத்திரை உள்ளதாக இருக்கட்டும்.

பக்கிளில் நாக்கு பூட்டவில்லை

பட்டையின் உலோக நாக்கு போய்ப் பூட்டுகிற பெட்டிதான் பக்கிள். பெரும்பாலும் அதன் உள்ளே ஏதாவது விழுந்திருக்கும். முறுக்குத் துணுக்கு, நாணயம், மண். தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். சரியாகவில்லை என்றால் பக்கிளும் நாக்கும் வேறு வேறு கம்பெனியாக இருக்கும். இரண்டையும் ஒரே செட்டாக வாங்குங்கள். பூட்டிவிட்டு எடுக்க முடியாமல் போனால் பக்கிள் தண்டு மெத்தைக்குள் புதைந்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கவாட்டு பெஞ்சுக்கு எப்படி மாட்டுவது?

மாட்டாதீர்கள். மூன்று முனைப் பெல்ட் முன்னோக்கி உட்காரும் ஆளுக்காகச் செய்தது. பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு அது கழுத்தில் விழும். வண்டி ஓடும்போது அந்த பெஞ்சில் யாரும் உட்கார வேண்டாம், ஆச்சியாக இருந்தாலும் குழந்தையாக இருந்தாலும்.

ஆர்டிஓ அலுவலகத்தில் கேள்வி வருமா?

வரலாம். சீட்டின் எண்ணிக்கையும் பாடியின் வகையும் ஆர்சி புத்தகத்தில் இருப்பதிலிருந்து மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அதனால் கட்டில் அமைப்பைத் தொடும் முன்பே விசாரித்துவிடுங்கள். தனியார் வண்டிக்கு 15 வருடம் முடிந்தபின் பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்டித்தான் ஆக வேண்டும். வெல்டிங் செய்யும்போதே ஆங்கர் தகடுகளை மேலிருந்தும் அடியிலிருந்தும் போட்டோ எடுத்துவைத்திருந்தால், கார்பெட் போட்டு மூடிய பிறகும் வேலையைக் காட்டலாம். பெல்டின் சான்று லேபிளை வெட்டிவிடாதீர்கள்.

பெல்ட் மாட்டிய பிறகு அதைப் போடாமல் போனால் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிக்கொண்டு போனாலும் அதே அபராதம்தான். பின்னால்தானே இருக்கிறோம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பயணித்த கார் மோதியபோது, பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள், முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று காவல்துறை சொன்னது. அது புது மாதிரி சொகுசு கார். நம்முடையது இடிதாங்கும் வடிவமைப்பெல்லாம் வருவதற்கு முந்தைய வண்டி.

மாட்டிய பிறகு முதல் நீண்ட பயணம் முடிந்து வந்ததும் எல்லா ஆங்கர் போல்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். புது வெல்டிங்கின் மேல் பிரைமரும் அண்டர்கோட்டும் போட்டு மூடுங்கள், ஆனால் மரைக்குள் போகாமல் ஒரு பழைய போல்டை மாட்டிவைத்துவிட்டு அடியுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, தட்டிப் பார்க்கிற வேலையை வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் செய்யுங்கள்.